10 மீற்றர் எயார் ரைபிளுக்கு எத்தனை அங்குலக் குழல்? (நுவரெலியா உயரத்தில்)

தேயிலைக்காற்று
எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்து லிந்துலைப் பக்கம் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 10 மீற்றர் கடதாசி இலக்குப் பயிற்சி தொடங்குகிறோம். கழகத்துக்கு இரண்டு 4.5 மி.மீ. எயார் ரைபிள் எடுக்க வேண்டும். மூன்று தெரிவு முன்னால் இருக்கிறது: வைரௌக் எச்டபிள்யூ 80, குழல் 500 மி.மீ.; எச்டபிள்யூ 97கே, குழல் 300 மி.மீ. (இரண்டும் ஸ்பிரிங் ரைபிள்); பழைய பீசீபீ (முன்கூட்டியே காற்று நிரப்பிய தாங்கி உள்ள) மட்ச் ரைபிள், அதாவது போட்டி ரைபிள், குழல் 420 மி.மீ. நீளமான குழல் வேகமும் தரும், குறியும் தரும் என்கிறார்கள் சிலர். குட்டைதான் நல்லது என்கிறார்கள் வேறு சிலர். எதை வைத்துத் தீர்மானிப்பது? அனுமதிப் பத்திர வேலையை மாவட்டச் செயலகத்திலும் பொலிஸிலும் தனியாகப் பார்க்கிறோம். இங்கே குழல் நீளம் மட்டும்தான் கேள்வி.

ஊவாச்சரிவு
நீளமானதை எடுங்கள் மாஸ்டர். காற்று பெல்லட்டை (சிறிய ஈயக் குண்டை) கூடுதல் தூரம் தள்ளும், வேகம் கூடும். குறி பார்க்கும் முன் சைட்டும் பின் சைட்டும் தள்ளி இருப்பதால் குறிப்பிழை குறையும். 500 மி.மீ. இருக்கும்போது 300 எதற்கு?

துளைமானி
சைட் இடைவெளி பற்றி ஊவாச்சரிவு சொன்னதில் பாதி சரி. வேகம் பற்றிச் சொன்னது ஸ்பிரிங் ரைபிளுக்குப் பொருந்தாது. கணக்கே போட்டுப் பார்க்கலாம்.

ஸ்பிரிங் ரைபிளில் காற்றுத் தாங்கி கிடையாது. பிஸ்டன் முன்னால் பாய்ந்து, சிலிண்டரில் இருக்கும் கொஞ்சக் காற்றைக் கடைசி மில்லிமீற்றர்களில் இறுக்குகிறது. பிஸ்டன் ஏறக்குறைய நிற்கும் தறுவாயில்தான் பெல்லட் கிளம்பும். அதற்குப் பிறகு புதுக் காற்று வராது, அடைபட்ட அந்தக் காற்று விரிவது மட்டும்தான்.

4.5 மி.மீ. துளையின் குறுக்குப் பரப்பு 0.159 சதுர செ.மீ. ஆகவே குழலின் ஒவ்வொரு 10 செ.மீ.உம் 1.59 கன செ.மீ. இடம். பெல்லட் கிளம்பும்போது இறுகிய காற்று அரைக் கன செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெல்லட் 10 செ.மீ. போனதும் அந்தக் காற்று 2.1 கன செ.மீ. ஆகிவிடும், நாலு மடங்குக்கு மேல். வெப்பம் வெளியேற நேரமில்லாத விரிவு என்பதால் அழுத்தம் ஏழில் ஒன்றுக்கும் சற்றுக் கீழே விழும். 25 செ.மீ. போகும்போது இருபதில் ஒன்றுக்கும் கீழே. முதலில் 100 பார் இருந்திருந்தால் இப்போது 5 பாருக்குக் கிட்ட. அந்த 5 பார் பெல்லட்டின் முதுகில் கொடுக்கும் தள்ளல் 0.8 கிலோ விசைதான். குழல் சுவரோடு பெல்லட் உரசும் விசையும் இந்த அளவுக்குக் கிட்ட வந்துவிடும். அதற்கப்பால் நீளம் வேகத்தைக் கூட்டாது. இறுக்கமான குழலாக இருந்தால் கொஞ்சம் திருடவும் செய்யும்.

97கேயின் 300 மி.மீ. குழல் ஏன் குறையில்லாமல் வேலை செய்கிறது என்பதற்கு விடை இதுதான். 80இன் 500 மி.மீ. வேகத்துக்காக வைத்த நீளமே இல்லை. அது எதற்கு என்று கீழே யாராவது எழுதுவார்கள், மகாவலிக்கரை அண்ணன் இருக்கிறார்.

பீசீபீயின் கதை வேறு. தாங்கியில் 200 பார் காற்று இருக்கிறது, வால்வு திறந்திருக்கும் நேரமெல்லாம் புதுக் காற்று பின்னாலிருந்து வந்து தள்ளும். ஒரே அளவு காற்றில் நீளமான குழல் கூடுதல் வேகம் எடுக்கும். குட்டைக் குழலில் அதே வேகம் வேண்டுமென்றால் வால்வு கூடுதல் காற்றை விட வேண்டும். ஒரு நிரப்பலில் கிடைக்கும் சூடுகளின் எண்ணிக்கை குறையும். அதனால் “எத்தனை அங்குலம்” என்று கேட்பதற்கு முன் “பின்னாலிருந்து தள்ளுவது எது” என்று கேளுங்கள்.

மகாவலிக்கரை
80இன் குழல் துப்பாக்கிக் குழல் மட்டுமல்ல, நெம்புகோலும் அதுதான். மடக்கிக் காக் பண்ணும்போது (ஸ்பிரிங்கை இறுக்கும்போது) கை குழலின் நுனியில் இருக்கும், சுழலும் ஆணி பின்னால் இருக்கும். நீளம் கூடினால் விசை குறையும், எதிர் விகிதத்தில். 500 மி.மீ. குழலில் 16 கிலோ இழுக்க வேண்டுமென்றால், அதே ஸ்பிரிங்கை 400 மி.மீ. குழலில் இழுக்க 20 கிலோ. 80கே என்று வரும் குட்டை வகை 400 மி.மீ.தான், அதை இழுத்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

14 வயதுப் பிள்ளை ஒரு பயிற்சியில் 40 சூடு சுட்டால் 40 தடவை அந்த இழுவை. பதினைந்தாவது சூட்டிலேயே வலது தோள் நடுங்கத் தொடங்கும், அதற்குப் பிறகு சுடுவது பயிற்சியாகாது. பிள்ளைகளுக்கு 80 வேண்டவே வேண்டாம், குழல் எத்தனை நீளமாக இருந்தாலும்.

மடக்கும்போது இன்னொன்று. குழலை ஒரு கையால் பிடித்தபடியே பெல்லட் வைக்கப் பழக்குங்கள். பிடி நழுவி ஸ்பிரிங் விடுபட்டால் குழல் சுழன்று மேலே அடிக்கும். விரல் இடையில் இருந்தால் போய்விடும். 97கே போன்ற கீழ்நெம்பு ரைபிளில் குழல் அசையாது. ஆனால் பெல்லட் வைக்கும் இடத்தில் அறை வழுக்கி மூடும், அங்கும் நெம்பைப் பிடித்தபடிதான் விரலை நுழைக்க வேண்டும்.

பனிமூட்டம்
குறியைப் பற்றிச் சொல்கிறேன். நீளமான குழல் “நேராகச் சுடும்” என்பது தவறு. 300 மி.மீ. நல்ல குழலும் 500 மி.மீ. நல்ல குழலும் இறுக்கிப் பிடிக்கும் பொறியில் வைத்துச் சுட்டால் 10 மீற்றரில் வித்தியாசம் தெரியாது. பெல்லட்டைச் சுழற்றக் குழலின் உட்சுவரில் முறுக்குப் பள்ளங்கள் இருக்கும். எயார் ரைபிள் குழல்களில் 450 மி.மீ.க்கு ஒரு சுற்று என்பது வழமையான முறுக்கு. 300 மி.மீ.இல் முழுச் சுற்றுக்கூட வராது, ஆனாலும் பெல்லட் வெளியே போகும்போது சுழலும் வேகம் ஒன்றுதான்.

நீளம் உதவுவது கண்ணுக்கு. எப்படி என்று எண்ணில் பாருங்கள். 10 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ., பெல்லட் 4.5. துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருந்தால் பத்து. 10 மீற்றரில் 2.5 மி.மீ. என்றால், சைட் இடைவெளி 800 மி.மீ. உள்ள ரைபிளில் முன் சைட் 0.2 மி.மீ. மட்டும் விலகலாம். 500 மி.மீ. இடைவெளியில் 0.125 மி.மீ. விலகினாலே பத்து போய்விடும். அவ்வளவு சிறு விலகலைக் கண் பிடிப்பது கடினம்.

டெலஸ்கோப் போட்டால் இந்தக் கணக்கே இல்லை. அப்போது குழல் 300 இருந்தாலும் ஒன்றுதான். 97கே திறந்த சைட் இல்லாமல்தான் வரும். டெலஸ்கோப் இல்லாமல் பயிற்சி கொடுக்க எண்ணியிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது.

தேயிலைக்காற்று
நன்றி. ஒரு சந்தேகம். மட்ச் ரைபிள் படத்தில் குழல் நீட்டமாகத்தானே தெரிகிறது. 420 மி.மீ. என்று எழுதியிருப்பது பிழையா?

துளைமானி
பிழையில்லை. வெளியே தெரிவது உறை. ரைஃப்ளிங் (அந்த முறுக்குப் பள்ளம்) உள்ள குழல் 420 மி.மீ.இல் முடிந்துவிடும். அதற்கு முன்னால் இருப்பது பெல்லட்டைத் தொடாத வெறும் குழாய், முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்காக. மட்ச் ரைபிள் செய்யும் வால்தரும் பைன்வெர்க்பாவும் ஆன்ஷூட்ஸும் அந்த 420 சுற்றிலேயே நிற்கிறார்கள். சர்வதேசப் போட்டி விதி, பொறியின் பின் முனையிலிருந்து வெளியே தெரியும் வாய் வரை 850 மி.மீ.க்கு மேல் விடாது. அந்த 850க்குள் சைட் இடைவெளி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் எடுப்பார்கள், குழலை மட்டும் குட்டையாக வைப்பார்கள்.

ஏன் குட்டை? நேரம். பெல்லட் செக்கனுக்கு 170 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது என்றால், குழலின் கடைசி 100 மி.மீ.ஐக் கடக்க 0.6 மில்லி செக்கன். 420இல் மொத்தம் ஏறக்குறைய 4 மில்லி செக்கன். விசை (ட்ரிகர்) விழுந்த பிறகு பெல்லட் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ரைபிள் அசைந்தால் அசைவு இலக்கில் தெரியும். பழகாத பிள்ளை விசையை இழுத்த உடனே கன்னத்தைத் தூக்கும். அந்தப் பிள்ளைக்கு அரை மில்லி செக்கனும் உதவிதான். ஸ்பிரிங் ரைபிளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பெல்லட் உள்ளே இருக்கும்போதே பிஸ்டன் ரைபிளை முன்னும் பின்னும் உதைக்கிறது.

சூடு முடிந்ததும் இலக்கைப் பார்த்தபடி ஒன்று, இரண்டு என்று மனதில் எண்ணிவிட்டுத் தலை தூக்கச் சொல்லுங்கள். குழலை 100 மி.மீ. குறைப்பதை விட அது கூடுதல் புள்ளி தரும்.

ஊவாச்சரிவு
ஸ்பிரிங் ரைபிளின் வேகம் பற்றி நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். சைட் இடைவெளி பற்றி ஒரு கேள்வி: அப்படியென்றால் எச்டபிள்யூ 80க்கு மேல் பின் சைட்டாகப் பீப் சைட் (சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட்) பூட்டினால் 500ஐ விடக் கூடுதல் இடைவெளி வருமே?

மகாவலிக்கரை
வரும். ஆனால் புதிய பிரச்சினையும் வரும் தம்பி. மடக்கும் ரைபிளில் தொழிற்சாலை போடும் முன் சைட், பின் சைட் இரண்டும் குழல் பக்கத்திலேயே இருக்கின்றன. குழல் மூடும்போது ஒரு மயிரளவு விலகினாலும் இரண்டு சைட்டும் சேர்ந்தே விலகும், குறி தப்பாது. பீப் சைட்டோ டெலஸ்கோப்போ சிலிண்டர் மேல் உட்கார்ந்தால் ஒன்று சிலிண்டரோடும் மற்றது குழலோடும் போகும். ஒவ்வொரு மூடலும் புதுக் குறி.

வாங்கும்போது பார்க்கும் முறை: ரைபிளைக் காக் பண்ணாமல், வெறுமையாக மூடி, குழலின் நுனியைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் சுழல் ஆணியை இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுக்கியும் ஆட்டம் போகாவிட்டால் வாங்காதீர்கள். நீளமான குழலில் அதே ஆட்டம் நுனியில் பெரிதாகத் தெரியும், இடையில் பிடித்து அசைத்துவிட்டு “சரி” என்று விடாதீர்கள்.

நானுஓயாமேடு
இத்தனை பேரும் கடல்மட்டக் கணக்கு போடுகிறீர்கள். லிந்துலையில் சுடப் போகிறார்கள், மலைக் காற்றில்.

நுவரெலியா 1868 மீற்றர். கொழும்பில் காற்றழுத்தம் 1010 ஹெக்டோபஸ்கால் சுற்று, நுவரெலியாவில் 815க்குக் கிட்ட. குளிர் கொஞ்சம் ஈடு செய்யும், ஆனாலும் காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறக்குறைய 16 வீதம் குறைவு. ஹட்டனில் (சுமார் 1270 மீற்றர்) 11 வீதம். பதுளையில் (680 மீற்றர்) 6 வீதம்.

ஸ்பிரிங் ரைபிளின் சிலிண்டர் நிரம்புவது வெளிக்காற்றால். நீங்கள் காக் பண்ணும்போது உள்ளே போகும் காற்றின் எடை, கொழும்பில் போவதில் 84 வீதம்தான். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தை மெலிகிறது. வேகம் குறையும், கூடவே பிஸ்டன் முனையில் கொஞ்சம் கடினமாக முட்டும். எவ்வளவு என்பது ஸ்பிரிங், பிஸ்டன் எடை, பெல்லட் மூன்றையும் பொறுத்தது, ஒரு எண்ணை எல்லா ரைபிளுக்கும் சொல்ல முடியாது. நீளமான குழல் இதை ஈடு செய்யாது. துளைமானி காட்டிய விரிவுக் கணக்கில் தொடங்கும் காற்றே குறைந்துவிட்டது, கடைசி 20 செ.மீ. இன்னும் பயனற்றதாகிறது. மலையில் ஸ்பிரிங் ரைபிள் எடுப்பவர் நீளக் குழலுக்குக் காசு கொடுக்கக் காரணமே இல்லை.

மிக இலேசான பெல்லட்டைத் தவிர்க்கலாம். அது சீக்கிரம் ஓடிவிடும், மெத்தை இன்னும் மெலியும். 0.5 கிராம் சுற்றில் தட்டைமுகப் பெல்லட் போதும்.

புள்ளியில் என்ன மாறும்? 170 மீற்றர் வேகத்தில் 10 மீற்றர் போக 0.06 செக்கனுக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் பெல்லட் 19 மி.மீ. விழும். வேகம் 5 வீதம் குறைந்தால் விழுவது 10 வீதம் கூடும், அதாவது 2 மி.மீ. இலக்கில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. ஆக, கொழும்பில் குறி சரி செய்து கொண்டுவந்த ரைபிள் இங்கே ஏறக்குறைய ஒரு வளையம் கீழே சுடலாம். பிள்ளையின் பிடியைக் குறை சொல்லும் முன் சைட்டை மீண்டும் சரி செய்யுங்கள்.

பீசீபீக்கு இந்தத் தொல்லை இல்லை, 200 பார் எங்கேயும் 200 பார்தான். ஆனால் கைப்பம்பால் நிரப்புவதென்றால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே போகும் காற்று குறைவு. கொழும்பில் 100 அடி போன இடத்தில் நுவரெலியாவில் 120க்குக் கிட்டப் போகும்.

தேயிலைக்காற்று
இது எனக்குத் தெரியவே தெரியாது, மிக்க நன்றி அண்ணே. கைப்பம்புதான் எங்களிடம் இருக்கிறது. மூடுபனி நாளில் நிரப்பலாமா?

நானுஓயாமேடு
நிரப்பலாம், கவனத்தோடு. ஈரக் காற்றை 200 பாருக்கு இறுக்கினால் அதிலுள்ள நீராவி தண்ணீராகும். பம்பின் காற்று உள்ளே போகும் வாயில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அறை இருக்க வேண்டும். மணிகளின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடுங்கள். 50 அடிக்கு ஒருமுறை நிறுத்தி, வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றி, பம்பு ஆறும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். சூடான பம்பில் அடித்தால் சீல் போகும். மழை பெய்யும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்து நிரப்பாதீர்கள், அடுப்பு எரிந்து உலர்ந்த அறை நல்லது.

குழலுக்கும் அதே ஈரம்தான் எதிரி. குளிரில் வைத்த ரைபிளைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளேயும் வெளியேயும் பனி படியும். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். பயிற்சி முடிந்ததும் பெல்லட் நுழையும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாகத் துணி இழுத்து, மெல்லிய எண்ணெய் படலம் விடுங்கள். அடுத்த நாள் சுடும் முன் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை முழுவதும் எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் எண்ணெய் மிச்சமிருந்தால் இறுக்கத்தின் சூட்டில் அது எரியும். புகை, பெரிய சத்தம், ஒரு சூடு செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில், அடுத்தது 170இல் என்று ஒழுங்கில்லாமல் போகும். குழலைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள், குற்றம் எண்ணெயுடையது.

சிங்கமலை
500 மி.மீ. குழல் ஒன்று கைவசம் இருந்தால் பட்டறையில் கொடுத்து 380 ஆக வெட்டலாமா? பிள்ளைகளுக்கு முன்பாரம் குறையுமே.

துளைமானி
வேண்டாம். மூன்று காரணம். பல எயார் ரைபிள் குழல்களின் கடைசிச் சில சென்ரிமீற்றரில் துளை சற்று நெருக்கப்பட்டிருக்கும். பெல்லட் வெளியேறும் கணத்தில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு அழுத்தி விடுவதற்காக. வெட்டினால் போவது அந்த நெருக்கம்தான், குழலின் மிக மதிப்புள்ள பகுதி. இரண்டாவது, வாயின் விளிம்பு துளைக்குச் சரி செங்குத்தாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பெல்லட்டின் பின்பாவாடை (விரிந்த பின்பகுதி) விளிம்பை விடும்போது ஒரு பக்கம் முன்னதாகக் காற்று கசிந்தால் பெல்லட் சாயும். வாளால் வெட்டி அரத்தால் தேய்த்த வாயில் அது நடக்காமல் இருக்காது. மூன்றாவது, மடக்கும் ரைபிள் என்றால் காக் பண்ணும் விசை மூன்றில் ஒரு பங்கு ஏறும், மகாவலிக்கரை அண்ணனின் கணக்குப்படி. பதிவில் உள்ள ஆயுதத்தைக் கேட்காமல் மாற்றுவது சட்டச் சிக்கலும்கூட, 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பனிமூட்டம்
முன்பாரத்துக்கு வேறு வழி இருக்கிறது. நின்று சுடும்போது இடது கை விசைக் காப்புக்குக் கிட்டத்தான் தாங்கும். ரைபிளைக் கிடையாக இரண்டு விரலில் வைத்து எங்கே சமநிலை நிற்கிறது என்று பாருங்கள். விசைக் காப்பிலிருந்து சில சென்ரிமீற்றர் முன்னால் நின்றால் பிள்ளைக்கு ஏற்றது, ஒரு சாண் தள்ளி நின்றால் முதுகு வளையும். முன்னால் சிறிது பாரம் நல்லது, அசைவை மெதுவாக்கும். குட்டைக் குழலும் நகர்த்தக்கூடிய எடையும் இருந்தால் அதைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றலாம். குழலிலேயே பாரம் இருந்தால் மாற்ற முடியாது.

சிங்கமலை
விளங்கியது, வெட்டவில்லை. பாயின்ட் 22 தோட்டா ரைபிளுக்கும் இதே கணக்கா?

துளைமானி
இல்லை, அங்கே தள்ளுவது வெடிமருந்து. சுருக்கமாகச் சொல்கிறேன், தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதலாம். பாயின்ட் 22 எல்ஆர் (லோங் ரைபிள்) தோட்டாவில் மருந்து கொஞ்சம். 16 முதல் 18 அங்குலத்துக்குள் வேகம் ஏறக்குறைய உச்சத்துக்கு வந்துவிடும். 50 மீற்றர் மட்ச் ரைபிள்கள் 26 அங்குலச் சுற்றில் இருப்பது வேகத்துக்காக அல்ல, சைட் இடைவெளிக்கும் பாரத்துக்கும். வழமையான வேகச் சன்னம் செக்கனுக்கு 326 மீற்றர் சுற்றில் போகும். ஒலியின் வேகம் கொழும்பின் 30 பாகையில் 349, நுவரெலியாவின் 16 பாகையில் 341. இரண்டிலும் ஒலிக்குக் கீழேதான், ஆனால் குளிரில் இடைவெளி சிறுக்கிறது. 376 மீற்றரில் போகும் அதிவேகச் சன்னம் வழியில் ஒலி வேகத்தைக் கடந்து இறங்கும்போது குலுங்கும். இலக்குக்கு அது வேண்டாம்.

தேயிலைக்காற்று
சரி. இப்போது எங்கள் எண்ணம்: 420 பீசீபீயைப் பெரிய பிள்ளைகளுக்கு எடுப்பது. தொடங்கும் பிள்ளைகளுக்கு 80உம் இல்லை, 97கேயும் இல்லை. அப்படியென்றால் எது?

மகாவலிக்கரை
எச்டபிள்யூ 30எஸ் பாருங்கள். குழல் 39 செ.மீ. சுற்று, எடை இரண்டரைக் கிலோ. 7.5 ஜூல் வகையை எடுத்தால் இழுவை இலேசு, 10 மீற்றருக்கு வேகம் தாராளம். திறந்த சைட்டோடு வரும். இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் சுட்டதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் மட்ச் ரைபிள்தான் கேட்பார்கள். கேட்கட்டும். விசையும் மூச்சும் படிவதற்கு இலேசான ரைபிள் போதும், அதற்குப் பிறகு 60 சூட்டுப் போட்டிக்குப் பெரியதைக் கொடுக்கலாம்.

பனிமூட்டம்
பீசீபீயை எடுத்தால் முன் சைட் வளையங்களையும் சேர்த்துக் கேளுங்கள். 4.2 மி.மீ. வளையம் கண்ணிலிருந்து 850 மி.மீ.இல் சரியாக இருந்தால், நீட்டிக் குழாய் போட்டு 1000 மி.மீ.க்குத் தள்ளும்போது அதே தோற்றத்துக்கு 4.9 மி.மீ. வேண்டும். பழையதையே வைத்தால் 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை மெலிந்துவிடும். மூடுபனி வெளிச்சத்தில் கறுப்பும் வளையமும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்து மண்டபங்களில் மாலை மூன்றரைக்கே வெளிச்சம் போய்விடுகிறது, இலக்கின் மேல் தனி விளக்குப் போடுங்கள்.

மகாவலிக்கரை
30எஸ் வந்ததும் பெல்லட் நுழையும் வாயைச் சுற்றியுள்ள சீலைப் பாருங்கள் மாஸ்டர். அந்த இடத்தில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்துச் சுடுங்கள், இலக்கும் பெல்லட்டும் வழமை போல. கடதாசி பறந்தால் சீல் கசிகிறது. அதை மாற்றிவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள்: பத்துச் சூட்டில் கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே செக்கனுக்கு 3 அல்லது 4 மீற்றருக்குள் நின்றால் குழலில் கை வைக்க வேண்டியதில்லை.